படம் நின்ற நேரம்

ஜூன் 9, திங்கள்

இன்று எனக்கு ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்தார்கள். இருபத்தொரு வருஷமாக இந்தக் காலேஜில் தரை துடைத்து டீ கொடுக்கிறேன், பேனா கொடுத்தது இதுதான் முதல் தடவை. நான் படித்தது ஐந்தாவது. அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டுதான்.

கொடுத்தது பவதாரணி அம்மிணி. கம்ப்யூட்டர் ஆராய்ச்சி ரூமில் இருக்கிற பொண்ணு. ஃபேனை ஐந்தில் வைத்தால் பறந்துவிடுகிற உடம்பு, ஆனால் பேச்சு மட்டும் இன்ஸ்பெக்டர் மாதிரி. வேலை என்னவென்றால், ஒரு பழைய ஆம்புலன்ஸில் நான் நோயாளி மாதிரிப் படுத்துக்கொள்ள வேண்டும். நெஞ்சில் ஒயர் ஒட்டுவார்கள். வண்டி மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறி இறங்கும். என் முகமும் நெஞ்சுத் துடிப்பும் கீழே காலேஜில் ஒரு திரையில் நிற்காமல் தெரிய வேண்டும். நாளைக்கு நிஜ நோயாளி போகும்போது ஆஸ்பத்திரியில் டாக்டர் அதைப் பார்த்து, வழியிலேயே என்ன செய்வதென்று சொல்லுவாராம். மலை ரோட்டில் டவர் மாற மாறப் படம் நின்றுவிடுகிறது. நின்றால் அந்த நேரத்தையும் இடத்தையும் நான் நோட்டில் எழுத வேண்டும்.

முதலில் படிக்கிற பிள்ளைகளைத்தான் படுக்க வைத்தார்களாம். மூன்றாவது வளைவுக்குள் வாந்தி. பொம்மையைப் படுக்க வைக்கலாமென்றால் பொம்மைக்குத் துடிப்பு கிடையாது. "மாராத்தாக்கா, நீங்க வாந்தி எடுக்க மாட்டீங்கல்ல?" என்று அம்மிணி கேட்டாள். என் மாமியார் வைத்த குழம்பை எட்டு வருஷம் சாப்பிட்டவள் நான் என்று சொன்னேன். உடனே வேலை கிடைத்துவிட்டது.

நோட்டு பெரிதாக இருக்கிறது. நேரமும் இடமும் எழுதிப் பாதிகூட நிறையாது. மிச்சத்தில் என் பாட்டை எழுதிக்கொள்கிறேன். யார் படிக்கப் போகிறார்கள்.

ஜூன் 10, செவ்வாய்

படம் நின்ற நேரம் 10.12, இடம் செக்போஸ்ட் தாண்டி. 10.31, குஞ்சப்பனை. 10.50, பலாப்பழம் விற்கிற வளைவு. 11.20, அரவேணுக்கு முன்னால்.

டிரைவர் ஆறுச்சாமி அண்ணன். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். இஞ்சினோடு பேசிக்கொண்டே ஓட்டுவார், பெண்டாட்டியோடு அவ்வளவு பேசியிருக்க மாட்டார். அம்மிணி என் பக்கத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறாள். வண்டிக் கூரையில் ஒரு டிவி. அதில் காலேஜ் ரூமிலிருந்து குமரேசன் தம்பியின் முகம் தெரியும். குஞ்சப்பனையில் படம் நின்றபோது அவன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். நாற்பது விநாடி அவன் உள்நாக்கைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். குரங்குக்கு வாயைத் திறந்து பல் பார்ப்பது போல இருந்தது.

நான் சிரித்தேன். ஆறுச்சாமி அண்ணன் கண்ணாடியில் பார்த்து, "வாய மூடிட்டுப் படு புள்ள. நோயாளி எங்காச்சும் இப்படிச் சிரிப்பாளா?" என்றார்.

11.05க்கு எனக்குக் கண் கொஞ்சம் இருட்டியது. அது படம் நின்றதல்ல. நேரம் எழுதிப் பழகிய கை அதையும் எழுதிவிட்டது. வளைவுதான் காரணம்.

ஜூன் 11, புதன்

நான்கு இடம். எல்லாம் நேற்றைய இடமே. குமரேசன் தம்பி இன்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஜூன் 13, வெள்ளி

படம் நின்ற நேரம் 10.40. திரும்ப வந்தது 11.15.

முப்பத்தைந்து நிமிஷம். இது டவர் இல்லை. வண்டியை ஓரங்கட்டி, ஆறுச்சாமி அண்ணன் இறங்கி வானத்தைப் பார்த்தார். அம்மிணி போன் மேல் போன் போட்டாள். கடைசியில் விஷயம் தெரிந்தபோது எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. நான் மலையில் இருப்பதால் ரூமில் டீ போட ஆளில்லை. குமரேசன் தம்பி தானே டீ போடலாமென்று, ஒரு ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கெட்டிலைச் சொருகியிருக்கிறான். பிடுங்கியது வீட்டு மெஷின் ஒயர்.

வீட்டு மெஷின் என்றால் என்ன என்று அம்மிணி திரும்பி வரும்போது சொன்னாள். வண்டி ஓடிக்கொண்டே இருக்கும், டவர் மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் ஊருக்கு அது கொடுக்கிற விலாசம் ஒன்றுதான். எல்லாத் தபாலும் அந்த வீட்டுக்குத்தான் வரும். வீட்டில் ஒருத்தி உட்கார்ந்து, வண்டி இப்போது எந்த டவர் கீழே இருக்கிறதென்று பார்த்துப் பார்த்துத் திருப்பி அனுப்புவாள். அவள் படுத்துவிட்டால் வண்டி எங்கே இருக்கிறதென்றே யாருக்கும் தெரியாது. டவர் மாறுகிற இடத்தில் படம் நிற்பதை ஏறக்குறையச் சரி செய்துவிட்டாளாம். இதற்குத்தான் வழி காணவில்லை.

ஜூலை 11ஆம் தேதி டில்லியிலிருந்து நான்கு பேர் பார்க்க வருகிறார்கள். அவர்கள் சொன்ன நேரத்தில் வீட்டு மெஷினை அணைத்துக் காட்ட வேண்டும். அப்போதும் படமோ துடிப்போ இரண்டு விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. நின்றால் மலையில் ஓடுகிற மூன்று ஆம்புலன்ஸுக்கும் படம் அனுப்புகிற இந்தப் பெட்டி கிடையாது. அம்மிணியின் நான்கு வருஷ வேலையும் அன்றோடு மூட்டை.

அவளைக் கேலி செய்யலாமென்று வாயைத் திறந்தேன். முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

இன்னொரு வீட்டு மெஷின் வந்துவிட்டது. முதலாவதுக்குப் பெரியவ என்றும் இதற்குச் சின்னவ என்றும் நான் பேர் வைத்தேன். அம்மிணி வேறு ஏதோ பேர் எழுதி ஒட்டியிருந்தாள், சாயங்காலத்துக்குள் அவள் வாயிலும் சின்னவ வந்துவிட்டது.

பெரியவ ஒவ்வொரு விநாடியும் சின்னவளுக்கு "இருக்கேன், இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். அந்தச் சத்தம் வராமல் போனால் சின்னவ எழுந்து வேலையை எடுத்துக்கொள்வாள். அவ்வளவுதானா, இதற்கா நான்கு வருஷம் என்றேன். "ஏறிப் படுங்கக்கா, தெரியும்" என்றாள்.

ஜூன் 18, புதன்

தெரிந்தது. பெரியவளை அணைத்ததும் சின்னவ எழுந்துவிட்டாள், ஆனால் வண்டி எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தக் கணக்கெல்லாம் பெரியவ மனசில் மட்டும் இருக்கிறது. படம் நின்ற நேரம் 10.35 முதல் 10.37 வரை.

போன வருஷம் நான் லீவில் போனபோது கூட வேலை பார்க்கிற சரோஜாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனேன். துறைத்தலைவருக்குச் சர்க்கரை வியாதி. அவருக்கு அவள் மூன்று ஸ்பூன் சீனி போட்டுக் கொடுத்துவிட்டாள். சாவியை மட்டும் கொடுத்தால் போதுமா, யாருக்குச் சீனி ஆகாது என்பதையும் தினம் சொல்லி வைக்க வேண்டாமா என்று அம்மிணியிடம் கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, அதைத்தான் நாலைந்து நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன், நீங்கள் ஒரு டீயில் சொல்லிவிட்டீர்கள் என்றாள்.

கண் இருட்டியது 11.02க்கு. இன்று வளைவில்லை, நேர் ரோடு.

ஜூன் 20, வெள்ளி

இன்று பெரியவளுக்கும் சின்னவளுக்கும் நடுவில் உள்ள ஒயர் தளர்ந்து போனது. இருவரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள், ஆனால் மற்றவள் செத்துவிட்டாள் என்று ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொண்டு, நான்தான் வீட்டுக்காரி என்று இரண்டு பேரும் கிளம்பிவிட்டார்கள். பாதித் தபால் அங்கே, பாதி இங்கே. டிவியில் குமரேசன் தம்பிக்கு மூக்கு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். இப்போதுதான் லட்சணமாக இருக்கிறான் என்று சொன்னேன்.

ஆறுச்சாமி அண்ணன் அவருடைய தெருவில் இதே மாதிரி ஒரு வீடு இருக்கிறதென்று ஆரம்பித்தார். அம்மிணி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

நடுவில் மூன்றாவதாக ஒரு சாட்சியை வைக்கப் போகிறார்கள். அது சொன்னால்தான் சின்னவ கிளம்ப வேண்டும்.

ஜூன் 24, செவ்வாய்

படம் நிற்கவில்லை.

குமரேசன் தம்பி பெரியவளைப் பத்துத் தடவை அணைத்தான். பத்துத் தடவையும் ஒரு சின்னக் குலுக்கல், அவ்வளவுதான். அம்மிணி லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டே குதித்தாள். கோத்தகிரியில் ஆறுச்சாமி அண்ணன் எல்லோருக்கும் வர்க்கி பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார். நான் நோயாளி என்பதால் எனக்கு இரண்டு.

இறங்கும்போது அவள் என் ஈசிஜி கோட்டை நீட்டி நீட்டிப் பார்த்தாள். முகம் மாறியது. மலை மாதிரி ஏறி இறங்கிப் போகிற கோட்டில் மூன்று இடத்தில் ஓட்டை. துடிப்பு வர வேண்டிய இடத்தில் சும்மா தரை மாதிரிக் கிடக்கிறது, அதில் ஒரு ஓட்டை மூன்று விநாடி நீளம். படம் நிற்கவில்லை, துடிப்பு மட்டும் வழியில் தொலைகிறதென்றாள்.

ஜூன் 26, வியாழன்

ஒயரை மாற்றினார்கள். ஒட்டுகிற வட்டத்தை மாற்றினார்கள். பெட்டியையே மாற்றினார்கள். ஓட்டை நான்கு.

அம்மிணிக்கும் குமரேசன் தம்பிக்கும் சண்டை. அனுப்பிய தபால் துண்டு எல்லாவற்றுக்கும் நம்பர் இருக்கிறது, எண்ணிப் பார்த்துவிட்டேன், ஒன்றுகூடத் தொலையவில்லை என்று அவன் சொல்கிறான். அப்படியென்றால் நீ எண்ணியது தப்பு என்று அவள் சொல்கிறாள். நான் நடுவில் டீயை நீட்டினேன். இரண்டு பேரும் எடுத்துக்கொள்ளவில்லை. இந்த ரூமில் இப்படி நடந்ததே இல்லை.

ஜூன் 27, வெள்ளி

இன்று வண்டி இல்லை. வீட்டில் குக்கர் வைத்தேன். முதல் விசில் கேட்டது நினைவிருக்கிறது. பிறகு கண் விழித்தபோது பருப்பு தீய்ந்த வாசம், நான் அடுப்படியில் படுத்திருக்கிறேன். தரை குளிர்ச்சியாக இருந்தது. காலை 8.10 இருக்கும்.

கலாமணி பெருந்துறையிலிருந்து போன் பண்ணினாள். என்னம்மா குரல் ஒரு மாதிரி இருக்கிறதென்றாள். மாப்பிள்ளை குரலைவிட நன்றாகத்தான் இருக்கிறதென்று சொன்னேன். மகளுக்குக் கோபம் வந்துவிட்டால் மேலே கேட்க மாட்டாள்.

ஜூன் 30, திங்கள்

ஓட்டை ஐந்து. அம்மிணி மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மூடினாள். கத்திரிக்காயா என்றேன். லேப்டாப்பைத் திறந்தாள்.

ஜூலை 2, புதன்

ஓட்டை நான்கு. இன்னும் ஒன்பது நாள்தான். துறைத்தலைவர் வந்து, துடிப்புக் கோடு இப்படி இருந்தால் டில்லிக்காரர்களை வரவேண்டாமென்று எழுதிவிடலாமா என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் போனதும் அம்மிணி கழுவுகிற தொட்டிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, கழுவிய டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவினாள். நான் பின்னால் நின்றேன். என் வேலையைப் பிடுங்கிக்கொள்கிறாயே என்று சொல்ல நினைத்தேன்.

ஜூலை 3, வியாழன்

குப்பைக் கூடையில் அம்மிணி கசக்கிப் போட்ட தாள் கிடந்தது. முதல் நாளிலிருந்து சேமித்து வைத்த கோடுகளையும் தோண்டி, ஓட்டை விழுந்த தேதியும் நேரமும் வரிசையாக அச்சடித்தது. எடுத்து நீவி, மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இந்த நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

ஜூன் 10, 11.05. ஜூன் 18, 11.02. அப்புறம் வந்த நாட்களில் நான் மூலையில் சின்னதாகக் குறித்து வைத்திருக்கிற நேரங்கள் எல்லாம். படம் நின்ற நேரத்தோடு ஒன்றுகூட ஒட்டவில்லை. கண் இருட்டிய நேரத்தோடு நிமிஷம் பிசகாமல் ஒட்டுகிறது.

நான் ஐந்தாவதுதான். ஆனால் மணி பார்க்கத் தெரியும்.

தபால் எதுவும் தொலையவில்லை. இங்கிருந்தே, என் நெஞ்சிலிருந்தே அனுப்பவில்லை.

என் வீட்டுக்காரர் பழனியப்பன் தன் பையைத் தானே தூக்கிக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குள் நடந்து போனார். சும்மா பரிசோதனைதான், நாளை மதியம் வந்துவிடுவேன், ரசம் வைத்துவை என்றார். பையை நான்தான் திருப்பிக் கொண்டுவந்தேன். பதினோரு வருஷமாகிறது. அந்தப் பக்கத்து ரோட்டிலேயே நான் போவதில்லை.

ஒரு வழி இருக்கிறது. எனக்கு இடுப்பு வலி என்று சொல்லிவிடலாம். வேறு யாராவது படுக்கட்டும். ஓட்டை நின்றுவிடும், அம்மிணிக்கும் வேலை ஆகிவிடும், நானும் என் அடுப்படியோடு இருந்துவிடலாம். யாருக்கும் நஷ்டமில்லை.

ஜூலை 5, சனி

இதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று நடந்ததை எழுத வேண்டும்.

காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போய் நின்றேன். நன்றாகவே நடித்தேன். அம்மிணி பதறிப்போய் நாற்காலி போட்டாள். ஆறுச்சாமி அண்ணனைப் படுக்க வைக்கலாம், குமரேசன் தம்பி ஓட்டட்டும் என்று யோசனை சொன்னதும் நானே. அவர்கள் இருவரும் மலைக்குப் போனார்கள். நானும் அம்மிணியும் ரூமில் திரைக்கு முன்னால் உட்கார்ந்தோம். என் முகம் தெரிகிற இடத்தில் ஆறுச்சாமி அண்ணன் முகம். அடுத்தவன் கையில் ஸ்டீயரிங் இருப்பதைப் பார்க்கச் சகிக்காமல், "கிளச்ச மிதிடா, அது உன்ர மாமன் ஊட்டு வண்டியா?" என்று படுத்தபடியே கத்திக்கொண்டிருந்தார். துடிப்பு நூற்றுப் பத்து. அம்மிணி பெரியவளை அணைத்தாள், போட்டாள், அணைத்தாள். கோடு ஏறியது, இறங்கியது, ஏறியது. ஒரு ஓட்டை இல்லை. கோத்தகிரி வரைக்கும் இல்லை.

அம்மிணி என்னைக் கட்டிக்கொண்டாள். சரியாயிடுச்சுக்கா, சரியாயிடுச்சு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்புறம் மெதுவாகப் பேச்சு நின்றது. என் தோளில் இருந்த கை அங்கேயே இருந்தது. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அக்கா, உங்களுக்கு நெசமாவே இடுப்பு வலியா?"

"வயசாகுதில்ல அம்மிணி."

"நோட்டக் குடுங்க."

"அதுல உன்னையத் திட்டி எழுதியிருக்கேன்."

"இருக்கட்டும்."

"குமரேசன் தம்பியக் குரங்குன்னு எழுதியிருக்கேன்."

"அது எனக்கே தெரியும். குடுங்கக்கா."

நான் கொடுக்காமல் இருந்திருக்கலாம். பை மடியில்தான் இருந்தது, எழுந்து போயிருந்தால் என்னைப் பிடித்து நிறுத்துகிற பலம் அந்த உடம்பில் கிடையாது. ஆனால் முந்தாநாள் அந்த டம்ளரை அவள் கழுவிய கழுவல் ஞாபகம் வந்தது. அவள் தப்பு இல்லாத தப்புக்குப் பத்து நாள் அழுதிருக்கிறாள். என்னால்தான். எடுத்துக் கொடுத்தேன்.

அவள் சிரிப்பாள் என்று நினைத்த இடத்தில் சிரிக்கவில்லை. ஒவ்வொரு தேதியாக, லேப்டாப்பில் இருக்கும் பட்டியலோடு ஒத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஜூன் 27க்கு வந்தபோது, தரை குளிர்ச்சியாக இருந்தது என்று நான் எழுதியிருப்பதை விரலை வைத்து இரண்டு தடவை படித்தாள். பழனியப்பனைப் பற்றி எழுதியதையும் படித்தாள்.

"உங்க நெஞ்சு தெனம் என்கிட்டச் சொல்லிட்டே இருந்திருக்கு. நான் ஒயர மாத்திட்டு இருந்திருக்கேன்" என்றாள்.

அப்புறம் எழுந்து என் செருப்பை எடுத்து வந்து என் காலடியில் வைத்தாள். டாக்டர் ஹெலன், இந்தத் திட்டத்துக்காக ஆஸ்பத்திரிப் பக்கத்திலிருந்து பார்க்கப் போகிற இருதய டாக்டர், அவரிடம் செருப்பு எடுக்கப் போனபோதே போனில் பேசிவிட்டாள். நான் போக மாட்டேன் என்றேன். சரி என்றாள். பிறகு என் பையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"பைய நான் தூக்கிட்டு வர்றேன். போகும்போதும் நான்தான், வரும்போதும் நான்தான். நீங்க கைய வீசிட்டு வாங்க."

கையை வீசிக்கொண்டே அவள் பின்னால் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இதைக் குமரேசன் தம்பியிடம் யாரும் சொல்லிவிட வேண்டாம்.

ஜூலை 6, ஞாயிறு

கலாமணி வந்துவிட்டாள். ஒரு மணி நேரம் திட்டினாள். மாப்பிள்ளை ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். குரல் நன்றாகத்தான் இருக்கிறது அவருக்கு.

டாக்டர் ஹெலன் எத்தனை நாளாக மயக்கம் என்று கேட்டார். மார்கழியிலிருந்து என்றேன். இருதயத்தின் மேலறை சொல்வது சில சமயம் கீழறைக்குப் போய்ச் சேருவதில்லை, வயர் பழசாகிவிட்டது போல என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். காறை எலும்புக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி வைப்பார்களாம். அது சும்மா உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருக்கும். துடிப்பு வந்தால் ஒன்றும் செய்யாது. வராமல் போனால் உடனே தான் ஒன்று தட்டும்.

நான் அம்மிணியைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள்.

"சின்னவ" என்றேன்.

டாக்டருக்குப் புரியவில்லை. அம்மிணி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்கும் புரியவில்லை.

ஜூலை 9, புதன்

நேற்று வைத்தாயிற்று. வலிக்கிறது. இடது கையைத் தூக்கக் கூடாது. எழுதுகிற கை வலது என்பதால் பேனாவுக்குத் தடையில்லை. நர்ஸ் பொண்ணு ஊசி போட வந்தாள், எனக்குப் பேர் வைக்கத் தெரியுமென்று சொன்னதும் ஓடிவிட்டாள்.

ஜூலை 11, வெள்ளி

டாக்டர் ஹெலன் என்னைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தன் ரூமுக்குத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னார். டில்லிக்காரர்களில் இரண்டு பேர் அங்கே, இரண்டு பேர் காலேஜில். இது யார் என்று கேட்டார்கள். எங்கள் திட்டத்தின் முதல் நோயாளி என்றார் டாக்டர். நான் உட்கார்ந்தபடியே தலையை ஆட்டினேன், கல்யாண வீட்டுப் பெரிய மனுஷி மாதிரி.

திரையில் பார்த்தால், வண்டியில் படுத்திருப்பது அம்மிணி. வேறு யாரையும் நம்பாமல் தானே ஒயரை ஒட்டிக்கொண்டு படுத்துவிட்டாள். துடிப்பு நூற்று இருபத்தெட்டு. பக்கத்தில் இருந்த டில்லிக்காரர் கவலையாக டாக்டரைப் பார்த்தார். அது வியாதி இல்லைங்க, பயம் என்று நான் சொன்னேன். டாக்டர் அதை இங்கிலீஷில் சொன்னார். அவர்கள் சிரித்தார்கள்.

குஞ்சப்பனை வந்தபோது ஒருவர் கையைத் தூக்கினார். காலேஜில் குமரேசன் தம்பி பெரியவளை அணைத்தான். நான் மூச்சுவிடவில்லை. அம்மிணி கண்ணை இறுக மூடிக்கொண்டது தெரிந்தது. மூடிய கண் தெரிந்துகொண்டே இருந்தது. கோடு ஏறியது, இறங்கியது, ஏறியது. பலாப்பழ வளைவு போனது. அரவேணு போனது. அவள் ஒரு கண்ணை மட்டும் மெதுவாகத் திறந்து பார்த்தாள்.

"என்ன அம்மிணி, அந்தப் படுக்கையில தூக்கம் வரும்ல?" என்று டாக்டரின் மைக்கில் கேட்டேன்.

"நாளைக்கு மதியம் பையத் தூக்க வர்றேன்க்கா" என்றாள். ஒரு எழுத்துகூட வழியில் விழவில்லை.

டில்லிக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள். முதல் பெட்டி கோத்தகிரி வண்டிக்காம். காலேஜ் ரூமில் டீ யார் கொடுத்தார்கள் என்று குமரேசன் தம்பியிடம் கேட்டேன். அவனேதான் போட்டானாம், பக்கத்து ரூமில் போய்க் கெட்டிலைச் சொருகி.

வேலை வேலைதான். ஆகவே எழுதுகிறேன். பக்கத்தில் ஒரு கோடு கிழித்து, இதுவரை மூலையில் ஒளித்து எழுதியதற்கும் தனியாகத் தலைப்புப் போட்டுவிட்டேன்.

படம் நின்ற நேரம்: இல்லை.

கண் இருட்டிய நேரம்: இல்லை.